மேக்ஸ்வெல் சாலையில் ஒரு நகரத்தின் முழு உருவம்: சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம்

மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தின் முகவரி கடையநல்லூர் ஸ்திரீட். எங்கள் குடும்பத்தின் பூர்வீக ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தச் சிறு தெருவுக்கு நான் இருபது ஆண்டுகளாகச் சாப்பிடப் போய்வருகிறேன். அதற்கு அருகிலேயே, மேக்ஸ்வெல் சாலை 45ஆம் எண்ணில், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடம் இருப்பதையும், அதற்குள் சிங்கப்பூர் நகரக் காட்சிக்கூடம் கட்டணம் ஏதுமின்றிப் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதையும் அறிந்திருந்தும், உள்ளே போய்ப் பார்க்கும் எண்ணம் ஒருநாளும் வந்ததில்லை. மகளுக்குப் பள்ளியில் புவியியல் பாடத்துக்காக ஒரு ஒப்படைப்பு கொடுத்திருந்தார்கள்; நகரம் எப்படித் திட்டமிடப்படுகிறது என்பது தலைப்பு. ஒரு சனிக்கிழமை காலை அவளையும், எண்பது வயதைக் கடந்த என் அத்தாவையும் அழைத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு உணவங்காடிக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்த நாங்கள் வெளியே வரும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பார்த்ததை விரிவாக எழுத வேண்டும் என்று அன்றே தீர்மானித்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு முதலில் சில விவரங்கள். காட்சிக்கூடம் திங்கள் முதல் சனி வரை இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் உள்ள மேக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கைத்தடி ஊன்றி நடக்கும் அத்தாவுக்குச் சிரமம் இருக்கவில்லை. காட்சிகள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் பரவியிருப்பதால், முதியவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.

எல்லோரும் முதலில் தேடிப் போவது நகர மையத்தின் மாபெரும் மாதிரியைத்தான். 1:400 என்ற அளவில் செய்யப்பட்ட அந்த மாதிரியைச் சுற்றி நடந்து பார்க்கலாம். அளவு எண்ணாகச் சொன்னால் புரியாது என்பதால் மகளை மனக்கணக்குப் போடச் சொன்னேன். 280 மீட்டர் உயரமுள்ள ரிபப்ளிக் பிளாசா கோபுரம் இந்த மாதிரியில் 70 சென்டிமீட்டர்தான் இருக்க வேண்டும்; 10 மீட்டர் உயரமுள்ள ஒரு கடைவீடு இரண்டரை சென்டிமீட்டர், அதாவது கட்டைவிரலின் மேல் கணு அளவு. கணக்குப் போட்ட பிறகு அவள் மாதிரியைப் பார்த்த விதமே மாறிவிட்டது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் பெரிய கோபுரங்கள் சில ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிடுவதை அவளே கண்டுபிடித்து ஏன் என்று கேட்டாள். விமானப் பாதுகாப்புக்காக நகர மையத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த உயர வரம்புதான் காரணம். பல கிலோமீட்டர் தள்ளி, பாய லேபாரில் இருக்கும் ஓர் ஆகாயப் படைத் தளம், சுற்றியுள்ள பல வட்டாரங்களில் எத்தனை மாடி கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தத் தளம் 2030களிலிருந்து வேறிடத்துக்கு மாற்றப்படும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. மாறும்போது ஒரு முழுப் புதுநகருக்கான நிலம் விடுபடுவதோடு, அக்கம்பக்கத்து வட்டாரங்களின் உயரக் கட்டுப்பாடுகளும் தளரும். ஒரு முடிவை இன்று எடுத்து, அதன் பலனை இன்னொரு தலைமுறை காணும்படி விடுவதுதான் நீண்டகாலத் திட்டம் என்பதை என் மகள் ஒரு வரிசைக் கோபுரங்களின் உச்சியைப் பார்த்து விளங்கிக்கொண்டாள்.

ஆனால் என் பரிந்துரை, மாதிரியைக் கடைசியில் பாருங்கள் என்பதே. முதலில் அதைப் பார்த்தால் அழகான பொம்மை நகரமாகத் தோன்றும். திட்டங்களின் வரலாற்றைச் சொல்லும் பகுதிகளைப் படித்துவிட்டு வந்தால், ஒவ்வொரு வெற்றிடமும் ஒவ்வொரு பசுமைத் திட்டும் யாரோ எப்போதோ எடுத்த முடிவு என்பது தெரியும்.

அந்த வரலாறு 1822இல் தொடங்குகிறது. ராஃபிள்ஸின் எண்ணப்படி லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த நகர வரைபடம், ஆற்றின் இரு கரைகளையும் ஐரோப்பியர், சீனர், அரபியர், பூகிஸ் மக்கள், சூலியா எனப்பட்ட தென்னிந்தியர் என்று இனவாரியாகப் பிரித்தது. ஆற்றின் மேல்பகுதியில் சூலியா கம்போங் என்று ஓர் இடம் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு வரைபடத்தின் கோடு எவ்வளவு தூரம் மக்கள் வாழ்வில் குறுக்கிடும் என்பதற்கு நம்மவர் வரலாற்றிலேயே சான்று உண்டு. நாராயண பிள்ளை மாரியம்மன் கோயிலுக்கு இடம் தேடியபோது தெலுக் ஆயரில் கிடைத்த நிலத்தில் பூசைக்கு ஏற்ற நன்னீர் இல்லை. 1821இல் ஸ்டாம்ஃபர்டு கால்வாய்க்கு அருகே வேறிடம் கிடைத்தது. மறு ஆண்டே ஜாக்சன் திட்டம் அந்தப் பகுதியை வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கிவிட்டது. கடைசியாக 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்து, 1827இல் மரமும் ஓலைக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. காட்சிக்கூடத்திலிருந்து சில நிமிட நடையில் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டுக்கும் மேலான காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியம் அமைந்தது. தியோங் பாருவின் பழைய குடியிருப்புகள் அது விட்டுச்சென்றவை. 1958இல் முதல் சட்டபூர்வப் பெருந்திட்டம் நடப்புக்கு வந்தது. ஆனால் அந்தத் திட்டம் மெதுவாக வளரும் நகரத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டது. மக்கள்தொகை பெருகிய வேகமும் நகர மையத்தின் நெரிசலும் அதை மிக விரைவிலேயே பின்தள்ளிவிட்டன. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உருவானது. 1961 மே மாதத்தில் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பதை அந்தத் தீ காட்டிவிட்டது. ஐக்கிய நாட்டு அமைப்பின் வல்லுநர்கள் வந்தார்கள். 1963இல் கோனிக்ஸ்பெர்கர், ஏப்ரம்ஸ், கோபே ஆகிய மூவர் தந்த அறிக்கை, தீவின் நடுவிலிருக்கும் நீர்ப்பிடிப்புக் காடுகளைத் தொடாமல், அவற்றைச் சுற்றி வளையமாகக் குடியிருப்புகளை அமைக்கலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தது.

அந்த எண்ணத்தின் வழித்தோன்றல்தான் 1971ஆம் ஆண்டின் முதல் கருத்துருத் திட்டம். இந்தக் காட்சிக்கூடத்துக்கு வருகிறவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். 1967 முதல் நான்கு ஆண்டுகள் ஐ.நா. உதவியுடன் நடந்த ஆய்வின் முடிவில் வரையப்பட்ட அந்தத் திட்டம் தெருத் தெருவாகக் கட்டடங்களைக் குறிக்கும் வரைபடம் அன்று. ஒரு தடித்த தூரிகையால் தீட்டிய கோட்டோவியம் போன்றது. நடுவே நீர்த்தேக்கங்களும் காடும், அவற்றைச் சுற்றி மணிமாலைபோல் புதுநகர்கள், தெற்குக் கரையோரம் நகர மையம், மேற்கே ஜூரோங்கில் தொழிற்பேட்டை, கிழக்குக் கோடியில் சாங்கியில் விமான நிலையம், இவற்றை இணைக்கும் விரைவுச்சாலைகள், ரயில் பாதைக்கான நிலம். சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்டது 1981இல். முதல் எம்ஆர்டி ரயில் ஓடியது 1987இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ரயில் தேவையா, பேருந்துகளே போதுமா என்று பெரிய விவாதம் நடந்தது. 1982இல்தான் முடிவு எடுக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் பாதைக்கான நிலம் காக்கப்பட்டிருந்ததால், முடிவெடுத்த ஐந்தே ஆண்டுகளில் ரயில் ஓடத் தொடங்கியது. எதைக் கட்டுவது என்பதற்கு இணையாக, எந்த இடத்தில் எதையும் கட்டாமல் வைத்திருப்பது என்பதையும் அந்தத் திட்டம் சொன்னது.

1991இல் வந்த இரண்டாம் கருத்துருத் திட்டத்தை அத்தா சொந்த வாழ்க்கையிலிருந்தே விளக்கினார். வேலைக்கு எல்லோரும் ஒரே நகர மையத்துக்குப் போய்த் திரும்பும் நிலையை மாற்ற, தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் வட்டார மையங்களை வளர்க்கும் எண்ணத்தை அந்தத் திட்டம் கொண்டுவந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வழிநடத்தியபின் ஆணையத்தின் தலைமைத் திட்ட வல்லுநராக இருந்த லியூ தாய் கெர் அதன் பின்னணியில் இருந்தவர். “உன் தம்பி தெம்பனிஸிலேயே வேலைக்குச் சேர்ந்தபோது, ஆபீஸ் எல்லாம் இவ்வளவு தூரத்தில் வருமா என்று நான் நினைத்தேன். அதையும் முன்கூட்டியே எழுதித்தான் வைத்திருந்திருக்கிறார்கள்” என்றார். கருத்துருத் திட்டத்தை இப்போது நீண்டகாலத் திட்டம் என்றே அழைக்கிறார்கள். 50 ஆண்டுகளுக்கும் அப்பால் பார்க்கும் அதனைப் பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறார்கள். கடைசியாக அந்தப் பணி 2021, 2022ஆம் ஆண்டுகளில் பொதுமக்களின் கருத்துகளைக் கேட்டு நடந்தது.

அதற்குக் கீழ் இருப்பது பெருந்திட்டம். இது 10 முதல் 15 ஆண்டுகளுக்கானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுவது. சட்ட வலிமை உடையது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் இரண்டு செய்திகளை அது சொல்கிறது: அங்கே என்ன பயன்பாடு அனுமதிக்கப்படும், எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம். அடர்த்தியைக் குறிக்கும் எண்ணுக்கு பிளாட் ரேஷியோ என்று பெயர். ஓரிடத்தில் அது 2.8 என்றிருந்தால், 1,000 சதுர மீட்டர் நிலத்தில் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,800 சதுர மீட்டர் தளப்பரப்பு கட்டலாம். வெள்ளை நிறத்தில் விடப்பட்ட இடங்கள் சில உண்டு. அங்கே அலுவலகம், வீடு, ஹோட்டல், கடை என்று சந்தைக்கு ஏற்ற கலவையைக் கட்டுபவரே தேர்ந்துகொள்ளலாம். இந்த வரைபடம் முழுவதையும் ஆணையத்தின் இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பதைக் காட்சிக்கூடத்துக்குப் போகாதவர்களும் அறிந்துகொள்ள வேண்டும். வீடு வாங்கப் போகிறவர்கள், சன்னலுக்கு எதிரே இருக்கும் வெற்று நிலம் என்னவாகும் என்று முகவரைக் கேட்பதற்கு முன்னால் இந்த வரைபடத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. நாங்கள் தோ பாயோவில் எங்கள் புளோக்கைத் தேடினோம். எதிரே அத்தா காலையில் நடக்கும் புல்வெளி பூங்காவாகவே குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து அவருக்கு நிம்மதி.

பெருந்திட்டத்தின் நகல் ஒவ்வொரு முறையும் இதே கட்டடத்தில் கண்காட்சியாக வைக்கப்படுகிறது. 2025இல் வெளியான நகலும் அப்படித்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் போனால் பழைய திட்டங்களையும் புதிய நகலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். தமிழர்கள் இதில் இன்னும் அதிகமாகக் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. லிட்டில் இந்தியாவைப் பற்றி நாம் வீட்டுக்குள் எவ்வளவோ பேசுகிறோம். அந்தப் பேச்சில் பத்தில் ஒரு பங்காவது எழுத்தாக ஆணையத்தின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.

பழையதைப் பாதுகாக்கும் பகுதியை எங்கள் வீட்டில் எல்லோருமே நின்று பார்த்தோம். 1960களிலும் 70களிலும் நகர மையத்தின் பழைய வட்டாரங்கள் பல இடிக்கப்பட்டன. பழைய தேக்கா சந்தை 1982இல் சிராங்கூன் சாலையின் மறுபக்கத்துக்கு மாறியது. இடிப்பதை நிறுத்தி எண்ணிப் பார்த்ததன் விளைவு 1989இல் தெரிந்தது: லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ உள்ளிட்ட பத்து வட்டாரங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டன. இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஒரு கடைவீட்டின் கூரை ஓடு, சன்னல் கதவு, ஐந்தடி நடைபாதை, உள்ளே வெளிச்சம் இறங்கும் முற்றம் என எதையெல்லாம் மாற்றக்கூடாது என்பதற்குத் தனித்தனி விதிகள் உண்டு. கேம்பல் லேனில் நாம் பூமாலை வாங்கும்போது தலைக்கு மேலே இருக்கும் அந்த மரச் சன்னல்கள் தாமாகத் தப்பிப் பிழைக்கவில்லை. அவை இருந்தாக வேண்டும் என்று ஒரு திட்டம் சொல்லியிருக்கிறது.

எந்த மாதிரியிலும் காட்ட முடியாத ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். 1:400 அளவில் மனிதன் நான்கு மில்லிமீட்டர்தான். புதுநகர்களும் விரைவுச்சாலைகளும் வெற்று நிலத்தில் எழவில்லை. 1966இன் நில எடுப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பெரும் அதிகாரம் கொடுத்தது. 1960இல் தீவின் நிலத்தில் பாதிக்கும் குறைவாகவே அரசாங்கத்திடம் இருந்தது. 1985 வாக்கில் அது முக்கால் பங்கை எட்டியது. கம்போங் எனப்படும் கிராமங்களில் கோழியும் தென்னையும் வைத்து வாழ்ந்தவர்கள் மாடி வீடுகளுக்குப் போனார்கள். 1977இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த ஆற்றுத் தூய்மைப் பணிக்காகப் பன்றிப் பண்ணைகள் அகன்றன; தெருவோரக் கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு இடம்பெயர்ந்தார்கள்; நூற்றாண்டுக்கும் மேலாக ஆற்றில் சரக்கேற்றிய தோங்காங் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குச் சென்றன. இறந்தவர்களும் இடம்பெயர்ந்தார்கள்: கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என எல்லோருக்கும் இடமளித்த பிடாடாரி மயானம் இன்று ஒரு வீவக குடியிருப்புப் பேட்டை, புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே லோர்னி நெடுஞ்சாலை போகிறது. கிடைத்த பலனை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் பிறந்ததே அப்படி எழுந்த ஒரு வீட்டில்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் அந்த வீட்டின் அருமையை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்தக் காட்சிக்கூடத்துக்குப் போகிறவர்கள், முடிந்தால், அந்தக் காலத்தை வாழ்ந்து கடந்த ஒருவரை உடன் அழைத்துப் போக வேண்டும். சுவரில் இருக்கும் ஆண்டுகளுக்கு அவர்களிடம்தான் முகங்கள் இருக்கின்றன.

எங்களுக்கு அத்தா இருந்தார். 1950களில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, தம் தந்தையோடு தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் தங்கியவர் அவர். மாதிரியின் மரினா பே பக்கத்தில் வெகுநேரம் நின்றார். கொலியர் கீ ஓரத்தைக் காட்டி, “இதோடு கரை முடிந்துவிடும். இதற்கு அந்தப் பக்கம் கப்பல்தான் நிற்கும்” என்று பேத்தியிடம் சொன்னார். அவர் கைக்கு அந்தப் பக்கம் மரினா பே சேண்ட்ஸும் பூந்தோட்டமும் இருந்தன. அவையெல்லாம் 1970களிலிருந்து கடலைத் தூர்த்து எடுத்த நிலம். கட்டடங்கள் வருவதற்கு அது பல ஆண்டுகள் காத்திருந்தது. சுதந்திரம் பெற்ற காலத்தில் 580 சதுர கிலோமீட்டர் அளவே இருந்த தீவு இன்று 730 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2008இல் கட்டி முடிக்கப்பட்ட மரினா அணை அந்த விரிகுடாவைக் குடிநீர்த் தேக்கமாகவும் மாற்றிவிட்டது.

அவர் வேலை பார்த்த துறைமுகமும் இடம்மாறிக்கொண்டிருக்கிறது. மேற்குக் கோடியில் துவாஸ் துறைமுகம் 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி ஆகிய நகர முனையங்கள் 2027க்குள் அங்கே செல்லவிருக்கின்றன. விடுபடும் கரையோரம் பாசிர் பாஞ்சாங்கிலிருந்து மரினா ஈஸ்ட் வரை நீளும் புதிய நீர்முகப்புப் பகுதியாக வளரப்போகிறது. கிழக்குக் கரையில் ‘லாங் ஐலண்ட்’ என்ற பெயரில் ஏறத்தாழ 800 ஹெக்டேர் நிலம் கடலிலிருந்து மீட்கப்படும் திட்டமும் உண்டு. கடல்மட்டம் உயர்ந்தால் தடுப்பாகவும், நீர்த்தேக்கமாகவும், குடியிருப்பாகவும் ஒரே நேரத்தில் அது பயன்படும் என்பது எண்ணம். மகள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது இந்தப் பகுதியைத்தான். அவள் என் வயதுக்கு வரும்போது அங்கே மரங்கள் இருக்கக்கூடும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்று செய்யலாம்: வீட்டிலிருந்து புறப்படும் முன் ஒரு கேள்வியை எழுதிக் கொண்டுபோகச் சொல்லுங்கள், அதற்கு விடை தேடிக்கொண்டே நடந்தால் கவனம் சிதறாது. இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஒதுக்காதீர்கள். முடித்தபின் நேராகச் சாப்பிடப் போகாமல், சவுத் பிரிட்ஜ் சாலை வழியே மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தெலுக் ஆயர் ஸ்திரீட் வரை நடந்து போய்வாருங்கள். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா அந்தத் தெருவில் இருக்கிறது. கட்டிய நாளில் அது கடற்கரைக் கட்டடம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் ஊருக்குள் போவார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விரிகுடாவைத் தூர்த்தபோது கரை முதலில் நகர்ந்தது. பிறகு இன்னும் நகர்ந்தது.

அத்தா தர்காவின் எதிரே, நிழலில் நின்று, கைத்தடியை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு துஆச் செய்தார். பிறகு தர்காவுக்கு முதுகு காட்டித் திரும்பி, கடல் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். மகள் கைபேசியில் பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்து, விரல்களால் பெரிதாக்கி, எதிரே நின்ற கோபுரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினாள். அவர் அந்தத் திசையில் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூவரும் கடையநல்லூர் ஸ்திரீட்டுக்குச் சாப்பிடப் போனோம்.